மட்டம்

வண்டிகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்.

தொண்ணூற்றெட்டு. செம்பனை சாய்த்த செப்பாங் மண்.
வயது பத்தொன்பது. வேலை,
மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்பது.
விடியுமுன் செந்தூலிலிருந்து லாரி,
நாளுக்கு முப்பத்திரண்டு ரிங்கிட்.
முக்காலிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
யோகாம்பிகை கத்துவாள்:
"நேரா நில்லுப்பா!
என்னை ஏமாத்தலாம், மழையை ஏமாத்த முடியாது."

கோலாலம்பூரில் மழையை யாரும் அறிமுகப்படுத்துவதில்லை.
நாலு மணிக்கு வந்து நிற்கும்,
கடன் கொடுத்தவன் மாதிரி.
வரைபடத்தில் அது சின்னச் சின்ன நீல அம்புகள்.
அம்புகள் ஓடவேண்டிய பக்கம்
தார் ஓடுகிறதா என்று பார்க்கத்தான்
அவள் கண், என் கோல்.

ஐந்தரைக் கிலோமீட்டரும் கொஞ்சமும்.
பதினைந்து வளைவு.
முதுகோடு முதுகாக இரண்டு நீண்ட நேர்சாலைகள்,
நடுவில் பார்வையாளர் மாடம்:
இந்தப் பக்கம் வந்து மறைவதை
அந்தப் பக்கம் போவதற்குள் பார்த்துவிடலாம்,
கழுத்துச் சுளுக்காமல் இருந்தால்.
கூரையை வாழையிலை என்றான் ரஸ்லான்.
செம்பருத்தி என்றாள் யோகாம்பிகை.
எனக்கு அது நிழல்,
சோற்றுப் பொட்டலம் பிரிக்க.

இரண்டு நேர்சாலையையும் சேர்த்துப் போட்ட முடிச்சு
பதினைந்தாவது, கொண்டை ஊசி.
முந்நூறில் வருகிறவன்
அங்கே எண்பதுக்கு இறங்கியாக வேண்டும்.
அந்த வளைவு முழுக்க நான் நின்றிருக்கிறேன்,
ஐந்து மீட்டருக்கு ஒருமுறை.
அவள் எண்ணைச் சொல்வாள், ரஸ்லான் எழுதுவான்,
நான் நகர்வேன்.
டிவி பார்த்தவர்களுக்குச் சில விநாடி.
எங்களுக்குப் பதினோரு நாள்.

முதல் பந்தயத்தன்று
பூச்சோங் டயர் கடைக்கு மட்டம் போட்டுவிட்டு
புல்மேட்டில் உட்கார்ந்தேன், மலிவு டிக்கெட்.
சத்தம் பல்லில் கேட்டது.
எல்லாரும் வண்டியைப் பார்க்க
நான் ஓரத்தைப் பார்த்தேன்:
எங்காவது ஈரம் நிற்கிறதா?

இல்லை.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பது.
ஐந்து மணிக்குத் தொடங்கினார்கள்.
நாலு மணிக்கு வரவேண்டியது
தாமதத்துக்கு வட்டியும் சேர்த்துக்கொண்டு வந்தது.
முப்பத்தொரு சுற்றோடு கணக்கை முடித்து
பாதிப் புள்ளி கொடுத்தார்கள்.
உலகத்தின் அவ்வளவு வேகமும்
நேர்சாலையில் குடை பிடித்துக்கொண்டு நின்றது.
அன்றிரவு, ஏழு வருடம் கழித்து,
பெர்த்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி:
"கோல் சாய்ஞ்சிருந்துச்சா?"
எந்தச் சரிவும் இவ்வளவைக் குடிக்காது என்று எழுதினேன்.
அழித்தேன்.
'இல்லை' என்று மட்டும் அனுப்பினேன்.

இரண்டாயிரத்துப் பதினாறில் புதுத் தார்.
பதினைந்தாவதின் உள்விளிம்பை
ஒரு மீட்டர் அளவுக்கு உயர்த்தினார்கள்,
வளைவு வெளிப்பக்கம் சாய்கிற மாதிரி.
பழைய பழக்கத்தில் நுழைகிறவன்
நழுவுவான், யோசிப்பான்.
நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன்.
வேலியருகே நின்று பார்த்தேன்:
கருவி தானே அளந்தது,
கோல் பிடிக்க ஆளே வேண்டியிருக்கவில்லை.
எங்கள் எண்களெல்லாம்
இப்போது ஒரு மீட்டர் கீழே,
தாருக்கு அடியில்.

அடுத்த வருடத்தோடு கார்கள் போய்விட்டன.
மோட்டார் சைக்கிள்கள் வருகின்றன.

போன பந்தயத்தில், மூன்றே முக்காலுக்கு,
புல்மேடு மொத்தமும் எழுந்து ஓடியது.
நான் எழவில்லை.
வளைவில் விழுந்த முதல் தண்ணீர்
உள்ளே போகப் பார்க்கும் என்று காத்திருந்தேன்,
பழைய வழிக்கு, ஒரு கணமாவது.
போகவில்லை.
புதுச் சரிவில் நேராக வெளியே ஓடியது,
பிறந்ததிலிருந்தே அப்படி ஓடுகிற மாதிரி.

படம் எடுத்தேன். நனைந்த கண்ணாடி, கலங்கல்.
"ஓடுது" என்று ஒரு வார்த்தை சேர்த்து
பெர்த்துக்கு அனுப்பினேன்.

அங்கேயும் நமக்கும் ஒரே நேரம்.
நாலு மணி.